அப்பாவின் கை நடுங்கவில்லை

தேங்காய்தான் முதலில் உருண்டது.

அப்பா தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொஸ்லந்தையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். தவில்காரர் காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிய தேங்காய் வெற்றிலைக் கட்டின் மேல் அசைந்தது. தட்டின் விளிம்புக்கு வந்து தயங்கியது. பிறகு கீழே விழுந்து உருண்டு போய்க் குத்துவிளக்கின் பாதத்தில் முட்டியது. விளக்கு சாய்ந்தது, எண்ணெய் சமுக்காளத்தில் ஊறியது.

கதவுக்குப் பின்னால் சமையற்கட்டில் நான் நின்றேன். என் காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. அடுக்கியிருந்த பித்தளைத் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. மூச்சை இழுத்து விடுவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆடியது வீடு என்பது மட்டும் தெரிந்தது.

தவில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மருதமுத்து குனிந்து தேங்காயை எடுத்தார். சாய்ந்த விளக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

"கை நடுங்குதே சம்பந்தி. ஒடம்புக்கு என்னங்க?" என்றார்.

அது என் பரிசம். அதாவது, அன்று நடந்திருக்க வேண்டிய என் பரிசம்.

இந்த வாரப் பத்திக்கு வேறு எதையோ எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கோ வடக்கே பூமி நடுங்கி ஊரே தரைமட்டமானதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அதைப் படித்த அடுத்த வீட்டு வாத்தியார், நம் மலைநாட்டில் பூமி ஆடவே ஆடாது, நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று வேலிக்கு மேலாக எனக்குப் பாடம் நடத்துகிறார். அவரிடம் வாயைக் கொடுத்து என் காலைப்பொழுது போனதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். வேண்டுமானால் பத்திரிகை வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

பாறையும் பலகையும்

பெரகலைச் சந்தியில் எங்கள் கடை இருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டைக் கட்டியவன் யாரோ, அவனை இன்றும் நான் நாலு வார்த்தை கேட்க வேண்டும். சாலையோரமாக இருந்த முன்பாதி பாறைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சாணம் மெழுகிய மண்தரை. பின்பாதிக்குக் கீழே நிலமே இல்லை, பள்ளம்தான். மரக்கால்களை ஊன்றி, அதன்மேல் பலகை பரப்பியிருந்தார்கள். பூனை நடந்தால்கூடப் பின்பாதியில் தெரியும். முன்பாதியில் யானை நடந்தாலும் தெரியாது.

விருந்தாளிகளை எங்கே உட்கார வைப்பீர்கள்? எங்கள் வழக்கப்படி அவர்களுக்கு வாசல்பக்கம், கிழக்குப் பார்த்த இடம். பெண் வீட்டார் அடக்கமாக உட்பக்கம். ஆக, கொஸ்லந்தைக்காரர்கள் முழுப் பேரும் பாறைமேல். நாங்கள் அத்தனை பேரும் பலகைமேல். தட்டு மாற்றும்போது அப்பா பலகையின் விளிம்பில் முழங்காலிட்டிருந்தார். மருதமுத்து மாமா தரையில் சம்மணமிட்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை.

அந்தச் சின்ன இடைவெளியில்தான் என் கல்யாணம் விழுந்தது.

போதாததற்கு அவர்கள் மாட்டுவண்டியில் மேடேறி வந்தவர்கள். கொஸ்லந்தையிலிருந்து எங்கள் சந்திவரை அந்தக் காலத்துச் சாலையில் வண்டியில் வந்து பாருங்கள். இறங்கிய பிறகும் உடம்பு தானாக ஆடிக்கொண்டிருக்கும். நல்ல நேரம் போகிறது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்தவர்களுக்கு, பூமி ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன?

அம்மாவுக்குப் பலகையில் தெரிந்தது. என் சித்திக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. வீடு ஆடியது என்று அம்மா சொன்னார். கொஸ்லந்தைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்ளரெல்லாம் சத்தம் போட்டதே என்று நான் கதவிடுக்கிலிருந்து சொன்னேன். கல்யாணப் பெண்ணுக்குப் பூமி ஆடாமல் வேறென்ன செய்யும் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே அந்தத் தம்ளரை எடுத்து வீச வேண்டும் போல் இருந்தது.

பாயசம் மட்டும் இனித்தது

அப்பாவுக்கு நடுக்குவாதம், அது பரம்பரை நோய், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பிள்ளைகளுக்கும் வரும். இதைத் தென்னை ஓலைப் பந்தலுக்குக் கீழே நின்று தாழ்ந்த குரலில் பேசி முடித்தார்கள். தாழ்ந்த குரல் என்றால், சந்தியின் அடுத்த முனையில் கேட்கிற அளவுக்கு. பிறகு மருதமுத்து மாமா உள்ளே வந்து, நேரம் தாண்டிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்றார்.

போகிறவர்கள் போக வேண்டியதுதானே? இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினார் மருதமுத்து மாமா. பரிமாறியது அப்பாதான். நடுங்குகிற கை என்று இவர்கள் சொன்ன அதே கை ஒரு சொட்டும் சிந்தாமல் பரிமாறியது. அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தாரே, அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்வார். அவரே போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டதால் இப்போது எழுதலாம். பெயர் சிதம்பரம். தகப்பன் இல்லாதவர். விதவைத் தாய் முன்னால் வரமாட்டார், அதனால் எல்லாம் தாய்மாமன் வைத்த சட்டம். எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க அவர் வந்தபோது இரண்டொரு தரம் பார்த்திருக்கிறேன். மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகு, சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்கிக் குருவிக்குப் போட்டுவிட்டுப் போவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம். பிடித்திருந்ததனால்தான் அவர் வாயை மூடிக்கொண்டு வண்டியேறியதைப் பார்த்து எனக்கு அப்படி எரிந்தது.

தராசு பிடித்த கை

கல்யாணம் நின்றதோடு விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அப்பாவின் பிழைப்பே கையில் இருந்தது.

மிளகு, சீரகம், பெருங்காயம் எல்லாம் சின்னத் தராசில் நிறுப்பது. அதை எதிலும் மாட்டுவதில்லை, கையில் தூக்கிப் பிடிப்பதுதான். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் முழுதும் சந்திக்கு வரும். அப்பா தராசைத் தூக்கினால் முள் அசையாமல் நடுவில் நிற்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

பரிசத்துக்குப் பிறகு வந்த முதல் சம்பள ஞாயிறு. அப்பா தராசை எடுத்தார். எதிரே நின்ற பெண்கள் முள்ளைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் மரியாதையாகவே சொன்னாள், "பெரிய தராசுல போடுங்க மொதலாளி. நீங்க ஏன் சிரமப்படுறீங்க."

பெரிய தராசில் மூட்டையைத்தான் நிறுக்கலாம், சீரகத்தை நிறுக்க முடியாது. அப்பா அவளுக்குக் கொடுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே அள்ளிக் கொடுத்து அனுப்பினார். உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். செம்பைப் பிடித்த கையைத் தானே உற்றுப் பார்த்தார். அன்றைக்கு முன்னால் அவர் தன் கையைப் பார்த்து நான் கண்டதில்லை.

எவ்வளவு தூரம் ஆடியது?

அம்மாவின் யோசனை எளிமையானது. எங்கள் வீடு மட்டும் ஆடியிருந்தால் அது எங்கள் தலையெழுத்து. மற்ற ஊரும் ஆடியிருந்தால் அது பூமியின் வேலை. அப்பா மேல் பழியில்லை. ஆகவே கேட்டுப் பார்ப்போம் என்றார். நல்ல யோசனைதான். கேட்கப் போன இடங்களில் மனிதர்கள் இருந்தார்கள், அதுதான் தொல்லை.

மேல்தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியின் டீமேக்கர் எங்கள் கடைக்கு வந்தபோது கேட்டார் அம்மா. ஃபேக்டரி எந்நேரமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும், அதில் எந்த ஆட்டத்தைக் கேட்கிறீர்கள் என்றார் அவர். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. சட்டி உருண்டதாம். ஆனால் அவளைப் பொறுத்தவரை அது பூமி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா அறையில் இருப்பவள் வேண்டுமென்றே உலக்கையால் சுவரை இடித்திருக்கிறாள். அதற்காக இரண்டு குடும்பமும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டு, கங்காணி வந்து விலக்கி, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

பதுளைக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி அம்மாவும் நானும் கிளம்பினோம். வழியில் பண்டாரவளையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கடை. அங்கே இறங்கினோம். சித்தப்பா கடையில் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டு காலியாகக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டார். பெரியண்ணன் என்ற வேலையாள் கவனமில்லாமல் தட்டை இடித்துவிட்டானாம், அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டாராம். என்றைக்கு என்று கேட்டோம். எங்கள் பரிசத்தன்று. எந்நேரம் என்று கேட்டோம். காலையில், நல்ல நேரத்தில்தான்.

பூமி ஆடியிருக்குமோ என்று அம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. ஆடியிருந்தால் குற்றமில்லாதவனை விரட்டியதாக ஆகிவிடுமே. "பூமியும் ஆடல, வானமும் ஆடல மதினி. அவன் இடிச்சான்" என்று கத்தினார். அண்ணன் மானம் போகிறதே என்றோம். காதில் வாங்கவில்லை.

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். கோயிலில் தொங்கும் விளக்கு அன்று காலை தானாக ஆடியதைக் குருக்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அதை எங்களிடம் ஒத்துக்கொண்டார். சாட்சி சொல்வீர்களா என்றதும் பின்வாங்கினார். கொடியேற்றம் நெருங்கிவிட்டது, விளக்கு ஆடியது என்றால் சாந்தி செய்ய வேண்டும், திருவிழா தள்ளிப்போகும், தர்மகர்த்தா அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். விளக்கை யாரோ மடைப்பள்ளி ஆள் தட்டிவிட்டதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பூமி ஒரே ஒரு தரம் ஆடியிருக்கிறது. பதுளை முதல் பெரகலைவரை தெரிந்திருக்கிறது. ஊருக்கு ஊர் அதற்கு ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவனை விட்டால் தங்கள் கௌரவம் போய்விடுமாம். எங்கள் ஊரில் பிடிபட்ட ஆள் அப்பா.

சுண்ணாம்புக்குப் பின்னால்

மழை தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம். கடையில் ஆளில்லை. நான் பின்னால் சாக்குகளை மடிக்கப் போனபோது, கிடங்கில் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பூலத் தட்டு. அதன் நடுவில் ஒரு தேங்காய். தட்டை நீட்டிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் அசையவில்லை. நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு சில நாளில் சிதம்பரம் வந்தார். தனியாக, மழையில் நனைந்துகொண்டு. சரக்கெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து அப்பா என்ன வேண்டும் என்று கேட்டார். இவர் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். பேச ஆரம்பிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்க வீட்டுச் சுவத்துல வெடிப்பு விட்டிருக்குங்க மாமா," என்றார் கடைசியில். "அன்னைக்குத்தான். நாங்க இங்க இருந்த நேரம். வீட்ல இருந்தவங்க பாத்திருக்காங்க. எங்க தாய்மாமா சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுட்டாரு."

அந்த வீட்டைக் கிட்ட நின்று கட்டியது மருதமுத்து மாமா. புதுச்சுவர் பிளந்தது என்று வெளியே தெரிந்தால் கட்டியவர் பெயர் என்ன ஆவது? வீடு திரும்பியதுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தன் சுவரைக் காப்பாற்றிக்கொண்டு அப்பாவின் கையைச் சந்தியில் வைத்துவிட்டார்.

சிதம்பரம் தன் தாயிடம் சண்டை போட்டு, சுண்ணாம்பைச் சுரண்டி, வெடிப்பை ஊர் பார்க்க வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். கல்யாணம் பேசினது பேசினபடி நடக்கட்டும் என்று அவருடைய தாய் சொல்லி அனுப்பியிருந்தார். இவ்வளவு நாள் என்ன செய்தீர் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

மறுபடியும் தட்டு

இந்த முறை அம்மா இரு வீட்டாரையும் முன்பாதியில் பாறைமேலேயே உட்கார வைத்தார். தவிலை வெளியே வாசிக்கச் சொன்னார். வந்தவர்கள் தண்ணீர் குடித்து இளைப்பாறினார்கள். மருதமுத்து மாமா ஒன்றுமே நடக்காத மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சுவரைப் பற்றி யாரும் பேசவுமில்லை.

அப்பா தட்டைத் தூக்கினார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கூடியிருந்த அத்தனை கண்ணும் அப்பாவின் மணிக்கட்டில் இருந்தன. எங்கள் சொந்தக்காரர்களின் கண்ணும்தான். நானும்தான் பார்த்தேன்.

அந்தக் கை நடுங்கியது.

நான் பலகைமேல் நின்றேன். காலுக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. தம்ளர்கள் சத்தமில்லாமல் இருந்தன. அப்பாவின் விரல்கள் மட்டும் ஆடின. தட்டு ஆடியது, தேங்காய் விளிம்பை நோக்கி நகர்ந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் வந்த பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"பூமி ஆடுது," என்றார் சிதம்பரம். எழுந்து அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கித் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "எல்லாரும் வெளிய வாங்க. பூமி ஆடுது."

ஓடினார்கள் பாருங்கள். மருதமுத்து மாமாதான் முதலில் ஓடினார். செருப்பை விட்டுவிட்டுச் சந்தியில் போய் நின்றார். பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தவில்காரர் தவிலோடு ஓடினார். சந்தி நடுவில் எல்லோரும் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றபோது, சிதம்பரம் அந்தத் தட்டை மாமன் கையில் கொடுத்தார். அவர்கள் தட்டு அப்பாவிடம் வந்தது. அம்மா குலவையிட்டார். பரிசம் நடுத்தெருவில் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கால் வெலவெலத்துப் போனதாக மருதமுத்து மாமா சத்தியம் செய்தார். கொஸ்லந்தையில் வீட்டிலிருந்தவர்கள் கூரை இரைந்ததாகச் சொன்னார்கள். தன் ஃபேக்டரியில் மெஷினே தடுமாறியதாக டீமேக்கர் வந்து சொன்னார். பண்டாரவளைச் சித்தப்பா புதிதாக வாங்கி அடுக்கிய போத்தல்கள் கிணுகிணுத்தனவாம், நல்லவேளை இந்தத் தடவை கயிறு கட்டியிருந்தாராம். பதுளைக் கோயிலில், திருவிழா நல்லபடி முடிந்துவிட்ட தைரியத்தில், சாந்தி ஹோமமே செய்துவிட்டார்கள். நிஜமாக ஆடிய அன்று ஒருவருக்கும் தெரியாத பூமி, ஆடாத அன்று ஊவா மாகாணம் முழுக்க ஆடியது. சந்தியில் அந்த வருஷத்தை நடுக்கம் வந்த வருஷம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். வேலை போன பெரியண்ணனை மட்டும் யாரும் தேடிக் கூப்பிடவில்லை. லயத்தில் அந்த இரண்டு வீட்டாரும் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சாகும்வரை பேசாமலே இருந்தார்கள்.

சாப்பாடு முடிந்து வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்பாதியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் துண்டுக்குள் இருந்தன. சொல்லிக்கொள்ள வந்த சிதம்பரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால்.

"நெசமாவே ஆடுச்சா மாப்ள?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்க மாமா. நல்லா ஆடுச்சு."

அப்பா துண்டுக்குள்ளிருந்து வலக்கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்தார். விரல்கள் நிற்கவில்லை.

"இன்னும் ஆடுதே," என்றார்.

சிதம்பரம் அந்தக் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று அவர் பேசாமலிருந்தது எனக்கு எரிச்சலாக இல்லை.

"பெரிய ஆட்டம்ங்க மாமா. நிக்கக் கொஞ்ச நாளாகும்."

அப்பா தலையாட்டினார். அவர் இருந்தவரை அது நிற்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கை நடுக்கம் என்று சொன்னதுமில்லை.